சேவாபந்தியரின் அறிவுப்பணியும் சமூகப்பணியும்: ஒரு சமூகவியல் நோக்கு

1

ஒரு சமயப் பிரிவின் அறிவுப்பணியை மதிப்பிட முற்படும்பொழுது, அப்பிரிவினர் எவற்றை எழுதினர் என்னும் வினாவோடு, எழுதிய காலத்தில் அவர்களுக்கு உணவளித்தது எது என்னும் வினாவையும் சேர்த்தே எழுப்புதல் வேண்டும். முதலாவது வினா நூற்பட்டியலைத் தரும். இரண்டாவது வினாவே அந்நூல்கள் ஏன் அவ்வாறு அமைந்தன என்பதை விளக்கும். பஞ்சாபிய இலக்கிய வரலாறுகளிலும் சீக்கிய சமய வரலாறுகளிலும் முதலாவது வினாவுக்கு விடை போதிய அளவு கிடைக்கின்றது. இரண்டாவது வினா பெரும்பாலும் எழுப்பப்படுவதில்லை. அதனை எழுப்பிப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

சீக்கியத்தினுள் தோன்றிய பிரிவுகளுள் புலமைத்துறையிற் பெயர் பெற்றவை மூன்று. அவை உதாசி, நிர்மலா, சேவாபந்தி என்பன. குரு நானக்கின் மைந்தர் ஸ்ரீ சந்தைத் தம் முதல்வராகக் கொள்வோர் உதாசியர். சமஸ்கிருதக் கல்வியும் வேதாந்த விளக்கமும் நிர்மலரின் அடையாளங்கள். சேவாபந்தியரோ, பெயரே சுட்டுவது போல, தொண்டினைத் தம் நெறியாகக் கொண்டவர். இவர்களுள் நாம் சிறப்பாக ஆராய எடுத்துக்கொள்வது மூன்றாவது பிரிவினையே. எனினும் ஒப்பீடின்றி எந்தச் சமூகத் தோற்றப்பாட்டையும் விளங்கிக்கொள்ளல் அரிது. ஆதலால் நிர்மலரையும் உடன்வைத்து நோக்குவோம்.

2

சேவாபந்தி மரபு தன் மூலவராகக் கொள்வது பாய் கன்ஹையாவை (1648–1718). இன்று பாகிஸ்தானிலுள்ள வசீராபாத்தை அடுத்த சோத்ரா என்னும் ஊரில், கத்ரி எனப்படும் வணிக சாதியில், செல்வக்குடியிற் பிறந்தவர் அவர். ஒன்பதாம் குரு தேக் பகதூரைச் சார்ந்து, குருவின் சபையில் நீர் வழங்கும் பணியை மேற்கொண்டார். 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆனந்தபூரில் நிகழ்ந்த போர்களின்போது, காயமுற்று வீழ்ந்தோர்க்கு அவர் நீர் கொடுத்தார் என்றும், சீக்கியர் எனவும் மொகலாயப் படையினர் எனவும் வேறுபாடு பாராது கொடுத்தார் என்றும் மரபு கூறும். பகைவனுக்கு உயிரூட்டுகிறார் என்று தோழர்கள் குரு கோவிந்த் சிங்கிடம் முறையிட்டனர். வினவிய குருவிடம், வீழ்ந்து கிடப்போர் அனைவரிடத்தும் தாம் குருவையே காண்பதாகக் கன்ஹையா விடையிறுத்தார். குரு அவ்விடையை ஏற்றதோடு, காயத்துக்கு இடும் மருந்தினையும் அவரிடம் கொடுத்தார் என்பர்.

இந்நிகழ்ச்சி அடியார் வரலாறுகளின் வழியாகவே நம்மை வந்தடைந்துள்ளது. ‘பர்ச்சி’, ‘சாகி’ என வழங்கும் இவ்வரலாறுகள் நடந்ததை நடந்தவாறு பதிவு செய்தவை அல்ல. ஆயினும் ஒரு குழுவினர் தம்மைத் தாமே எவ்வாறு கண்டனர், எதனைத் தம் தலையாய விழுமியமாகக் கொண்டனர் என்பதை அறிய அவற்றினும் சிறந்த சான்று வேறில்லை. ஒரு போரின் நினைவிலிருந்து வெற்றியையோ வீரச்சாவையோ தெரிந்தெடுக்காமல், பகைவனுக்குக் கொடுத்த தண்ணீரைத் தெரிந்தெடுத்துக்கொண்ட குழு இது. அத்தெரிவே வரலாற்று உண்மையாகும்.

கன்ஹையாவின் சீடர் சேவா ராம். அவர்தம் சீடர் அட்டன் ஷா (1688–1757). முன்னவர் பெயரால் சேவாபந்தியர் என்றும், பின்னவர் பெயரால் அட்டன்ஷாகியர் என்றும் இப்பிரிவினர் வழங்கப்பட்டனர். துறவியான அட்டன் ஷாவின் பெயரில் ‘ஷா’ என்னும் சூபி வழக்கு ஒட்டியிருப்பது தற்செயலன்று. சிந்து நதிக்கும் ஜீலம், செனாப் நதிகளுக்கும் இடைப்பட்ட சிந்து சாகர் நிலப்பரப்பே இவர்தம் பரவலுக்குக் களமாயிற்று. இப்பரப்பின் பெரும்பகுதியான தல் பிரதேசம் மழை குன்றிய மணற்பூமி. வேளாண் மக்களுள் மிகப் பெரும்பாலோர் முஸ்லிம்கள். சிறுநகரங்களிற் கடை வைத்தும் கொடுக்கல் வாங்கல் செய்தும் வாழ்ந்தோர் கத்ரி, அரோரா சாதியினர். அங்கங்கே சூபியரின் தர்க்காக்கள். நிருவாகத்துக்கும் கணக்குக்கும் பாரசீக மொழி. நீர் அரிதான அந்நிலத்தில், வழிப்போக்கனுக்கு நீரும் உணவும் கொடுத்தல் அருங்குணத்தின் வெளிப்பாடு என்பதோடு அமைவதன்று. அது சமூகம் இயங்குவதற்கு இன்றியமையாத ஒரு நிறுவனம். சேவாபந்தியரின் தர்மசாலைகள் அந்நிறுவனத் தேவையை நிறைவு செய்தன.

இவர்கள் மணம் துறந்து வெள்ளுடை தரித்தனர். பலர் கால்சாவின் தீட்சை பெறாத ‘சகஜதாரி’ நிலையினராகவே இருந்தனர். எல்லாவற்றினும் முக்கியமானது, தானத்தை நம்பி வாழாது தம் கையுழைப்பால் வாழ்தல் என்னும் விதி. முஞ்சிப் புல்லைத் திரித்துக் கயிறாக்கி விற்றலே இவர்தம் மரபான தொழில். பஞ்சாபின் கயிற்றுக் கட்டிலுக்கும், கிணற்றிலிருந்து நீர் இறைக்கும் சக்கரத்துக்கும் அக்கயிறு வேண்டும். மனு முதலிய ஸ்மிருதிகள், பூணூற் சடங்கின்போது பிராமணச் சிறுவன் அரையிற் கட்டும் நாண் முஞ்சிப் புல்லால் ஆனதாக இருத்தல் வேண்டும் என விதிக்கின்றன. ஓரிடத்தில் பிறப்பின் உயர்வைக் காட்டும் அடையாளமாய் நின்ற புல், ஈண்டு துறவியின் உழைப்புக்கு மூலப்பொருளாயிற்று. உழைத்துண்ணல், இறைபெயர் நினைத்தல், பகிர்ந்துண்ணல் என்னும் மூன்றினையும் சீக்கியம் தன் அடிப்படைக் கடமைகளாகக் கூறும். துறவிக்கும் முதலாவது கடமையிலிருந்து விலக்கில்லை என்று வற்புறுத்தியமையே சேவாபந்தியரின் தனித்துவம். இந்தியத் துறவு மரபில் இது பொதுவிதியன்று.

3

இனி நிர்மலரை நோக்குவோம். அவர்தம் மரபின்படி, சமஸ்கிருதம் கற்பிக்குமாறு குரு கோவிந்த் சிங் ஒரு பண்டிதரைக் கேட்டபொழுது, இருபிறப்பாளர் அல்லாதார்க்குக் கற்பித்தலாகாது என அவர் மறுத்தார். அதன்பின் 1686இல் குரு தம் சீடர் ஐவரைக் காசிக்கு அனுப்பினார். அவர்கள் கற்றுத் திரும்பியதிலிருந்தே நிர்மலர் மரபு தொடங்கியது. இக்கதையின் வரலாற்று மெய்ம்மையை ஆய்வாளர் பலர் ஐயுறுவர். ஆயினும் அது எழுப்பும் சமூக முரண்பாடு ஐயத்துக்கு இடமற்றது. அறிவு ஒரு சாதியின் உடைமையாயிருந்தது. அவ்வுடைமையைக் கைப்பற்றுவதே நிர்மலரின் தொடக்க இலட்சியம்.

அவ்விலட்சியம் கணிசமான அளவு நிறைவேறியது என்பதை மறுத்தற்கில்லை. 18ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பண்டிதர் குலாப் சிங், கிருஷ்ணமிசிரரின் ‘பிரபோத சந்திரோதய’ நாடகத்தைப் பிரஜ மொழிச் செய்யுளாக்கினார். மாதைத் திருவேங்கடநாதர் தமிழிற் செய்யுளாக்கித் தந்ததும் இந்நாடகத்தையே. வேதாந்தம் கற்றோர் வட்டத்துக்கு வெளியே செல்ல முயன்ற பல மொழிச்சூழல்களில் இந்நூல் கைக்கொள்ளப்பட்டமை ஒப்பியல் ஆய்வாளர் கவனத்துக்குரியது. நிர்மலா மரபுடன் நெருங்கிய தொடர்புடைய சந்தோக் சிங் (1787–1843), துணிக்கு அச்சுக் குத்தும் சாதியிற் பிறந்தவர். குருமாரின் வரலாற்றைப் பெருங்காப்பிய அளவில் ‘குர் பிரதாப் சூரஜ்’ என்னும் பெயரிற் பாடி முடித்தார். பட்டியாலாவின் தாரா சிங் நரோத்தம் (1822–1891), ஆதிகிரந்தத்துக்கு ஓர் அகராதியும், சீக்கியத் திருத்தலங்களைத் தொகுத்துரைக்கும் ஒரு நூலும் ஆக்கினார். அவரிடம் கற்ற கியானி கியான் சிங் (1822–1921) ‘பந்த் பிரகாஷ்’ என்னும் வரலாற்றுக் காப்பியத்தை 1880இல் வெளியிட்டார். பிற்காலச் சீக்கியப் புலமை இவர்தம் தோள்மீது நின்றே வளர்ந்தது. அச்சுக் குத்தும் சாதியிலிருந்து ஒருவர் காப்பியப் புலவராக எழுந்தமை, காசிக் கதையின் நோக்கம் வீணாகவில்லை என்பதற்குச் சான்று.

ஆயின் இப்புலமையின் பொருளாதார அடிப்படை யாது? சந்தோக் சிங் தம் நூல்களை முடித்தது கைத்தால் சிற்றரசரின் ஆதரவில். நிர்மலரின் மைய அமைப்பான பஞ்சாயதி அகாரா 1862இல் பட்டியாலாவில் நிறுவப்பட்டது. அதற்குப் பொருளும் நிலமும் அளித்தோர் பட்டியாலா, நாபா, ஜிந்த் மன்னர்கள். பின்னர் அது ஹரித்துவாரை அடுத்த கன்கலைத் தலைமையிடமாகக் கொண்டது. இவ்வாண்டினை நாம் கருத்தூன்றி நோக்குதல் வேண்டும். இம்மூன்று சமஸ்தானங்களும் 1857இல் ஆங்கிலேயர் பக்கம் நின்றவை. ஐந்தாண்டுகள் கழித்து, அந்நியரின் பாதுகாப்பில் தம் அரியணையை உறுதிப்படுத்திக்கொண்ட மன்னர்க்குச் சமய நியாயம் வேண்டியிருந்தது. துறவியர்க்கு நிலம் வேண்டியிருந்தது. அகாரா என்னும் நிறுவனம் இவ்விரு தேவைகளும் சந்தித்த இடமாகும். குருவின் சொல்லுக்கு வேதாந்தப் பொருள் காண்பதும், குருமாரை அவதார நிலையில் வைத்துப் பாடுவதும், சாதி ஒழுங்கினைக் கேள்விக்கு உட்படுத்தாது விடுவதும் இத்தளத்தில் இயல்பாயின. பிராமணனின் தனியுடைமையாயிருந்த அறிவைக் கைப்பற்றச் சென்றவர், அவ்வறிவின் உலக நோக்கினாற் கைப்பற்றப்பட்டனர். தம் புலமை எவரையும் சாராதது என நம்பும் மரபுவழி அறிவாளர் உண்மையில் ஆளும் வர்க்கத்துடன் பிணைந்து நிற்பர் என்று அந்தோனியோ கிராம்சி கூறியது இங்கு முற்றும் பொருந்துகிறது.

4

இப்பின்னணியில் வைத்து நோக்கும்பொழுதே சேவாபந்தியரின் எழுத்துப்பணி தன் முழு முக்கியத்துவத்துடன் தோன்றும். அப்பணியின் சிகரம் ‘பாரஸ் பாக்’ என்னும் உரைநடை நூல். இமாம் கஸ்ஸாலி (1058–1111) பாரசீகத்தில் எழுதிய ‘கீமியாயே ஸஆதத்’ என்னும் ஒழுக்கநூலை அடியொற்றி, 18ஆம் நூற்றாண்டில் குர்முகி எழுத்தில் ஆக்கப்பட்டது இது. ஆக்கியோர் அட்டன் ஷா என்பாரும், பாய் கர்டூ என்பாரும், வேறு பெயர் கூறுவாரும் உளர். ஆசிரியர் பெயர் உறுதிப்படாமை இத்தகைய குழுக்களின் ஆக்கங்களுக்கு இயல்பே. தனியாள் புகழ் அங்கு நாடப்படவில்லை. மௌலானா ரூமியின் ‘மஸ்னவி’, ‘யோக வாசிட்டம்’ ஆகியவற்றின் ஆக்கங்களும் இப்பிரிவினரோடு தொடர்புறுத்திப் பேசப்படுகின்றன.

பெயரிலிருந்தே தொடங்கலாம். ‘கீமியா’ என்பது இரசவாதம். ‘ஸஆதத்’ என்பது பேறு அல்லது நற்பாக்கியம். இழிந்த உலோகத்தைப் பொன்னாக்குவது போல இழிந்த உள்ளத்தை உயர்த்தும் வித்தை என்பது கருத்து. ‘பாரஸ்’ என்பது நம் சித்தர் மரபிலும் பேசப்படும் பரிசவேதி. தொட்ட இரும்பைப் பொன்னாக்கும் கல். ‘பாக்’ என்னும் சொல்லுக்குப் பாக்கியம் என்ற பொருளும் உண்டு. அராபிய இரசவாதியின் உலையை, வட இந்திய அடியவன் நன்கறிந்த கல்லாக மாற்றியமையில் மொழிபெயர்ப்பாளரின் முறை முழுவதும் அடங்கியுள்ளது. மூலத்தின் கருத்தமைப்பைக் காத்துக்கொண்டு, அதனைக் கேட்போரின் பட்டறிவுக்குள் கொணர்தலே அம்முறை. மூலத்தின் மார்க்கச் சட்ட விவரங்கள் குறைந்தன. பக்தி மரபின் சொல்வழக்குகள் இடம்பெற்றன. ஆயினும் இஸ்லாமிய ஞானியரின் வாக்குகளும் வாழ்வும் ஒதுக்கப்படவில்லை.

இந்நூல் எதற்காகத் தெரிந்தெடுக்கப்பட்டது? ‘இந்து முஸ்லிம் ஒற்றுமை’ என்னும் இருபதாம் நூற்றாண்டுச் சொற்றொடரால் இதற்கு விடை கூறுவோர் உளர். அது போதிய விடையன்று. ஒற்றுமையை விரும்பியோர் சூபிக் கவிதையை எடுத்திருக்கலாம். இவர்களோ ஒழுக்கநூலை எடுத்தனர். கீமியாவின் உள்ளமைப்பை நோக்கின் காரணம் புலனாகும். தன்னையறிதல், இறையறிதல், இம்மையறிதல், மறுமையறிதல் என்னும் முன்னுரைப் பகுதிகளை அடுத்து, வழிபாடு, உலக நடைமுறை, அழிவு தருவன, விடுதலை தருவன என நான்கு தூண்களாக அந்நூல் அமைகிறது. இரண்டாம் தூணில் உண்ணுதல், மணம் செய்தல் ஆகியவற்றோடு பொருளீட்டல், வாணிகம், ஏற்ற வருவாயும் ஏலாத வருவாயும் என்பன விரிவாகப் பேசப்படுகின்றன. கடைத்தெருவில் வாழும் மனிதன் எவ்வாறு நேர்மையாக வாழ்வது என்பது அதன் உயிர்நாடியான வினாக்களுள் ஒன்று. சேவாபந்தியரைச் சூழ்ந்திருந்த இல்லறத்தார் யாவர்? சிறுநகர வணிகர். அட்டன் ஷாவும் அவ்வணிகக் குலத்திலிருந்து வந்தவரே. படை நடத்தும் குடியானவனுக்குத் தேவைப்படாத, வேதாந்தப் பண்டிதன் கேட்கவே கேட்காத ஒரு வினா அவ்வணிகனுக்கு அன்றாட வினாவாயிருந்தது. அதற்கு விடை தன் சமய எல்லைக்கு அப்பால், தான் கணக்கெழுதும் பாரசீக மொழியிலேயே கிடைத்தபொழுது அவன் அதனை எடுத்துக்கொண்டான். சமய எல்லையைக் கடக்கச் செய்தது இப்பொதுத்தேவையே. நல்லெண்ணம் அத்தேவையின் மேல் மலர்ந்தது.

இரண்டாவது காரணமும் உண்டு. செல்ஜுக் பேரரசின் அமைச்சர் நிசாமுல் முல்க் 1091இல் கஸ்ஸாலியைப் பக்தாத்தின் நிசாமியா கல்லூரிப் பேராசிரியராக அமர்த்தினார். 1095இல் அப்பதவியைத் துறந்து வெளியேறிய கஸ்ஸாலி, அரசரிடம் பொருள் பெறுவதில்லை, அரசவை செல்வதில்லை எனப் பின்னர் உறுதி பூண்டார். கீமியா அத்துறப்புக்குப் பிந்திய நூல். வாழ்வின் இறுதிப் பகுதியில் நிசாப்பூர் கல்லூரியிற் கற்பிக்குமாறு அரசு மீண்டும் அவரை அழைத்தது. அவரும் இணங்க நேர்ந்தது. அரச ஆதரவிலிருந்து விடுபட முயலும் அறிவாளனின் நெருக்கடி அந்நூலின் பின்னே நிற்கின்றது. கயிறு திரித்து உண்ட துறவியர், தமக்கு அறுநூறு ஆண்டுகளுக்கு முற்பட்ட ஒரு பேராசிரியரின் அந்நெருக்கடியிலிருந்து பிறந்த நூலைத் தமதாக்கிக் கொண்டனர். நிர்மலர் காசியிலிருந்து கொண்டுவந்ததையும், சேவாபந்தியர் தூஸ் நகரத்து அறிஞரிடமிருந்து கொண்டுவந்ததையும் ஒப்பிட்டால், தெரிவுகள் எத்துணைத் தொலைவில் விலகி நிற்கின்றன என்பது விளங்கும்.

மொழிநிலையிலும் இவ்வேறுபாடு தெளிவாகும். நிர்மலர் பெரும்பாலும் பிரஜ மொழிச் செய்யுளில் எழுதினர். அது அவைக்களத்தின் வடிவம். அணியறிந்தோரை நோக்கி அது பேசிற்று. சேவாபந்தியர் எடுத்துக்கொண்டது உரைநடை. சாதுக்கள் ஊரூராகக் கொண்டு சென்ற கலப்பு மொழியில், தர்மசாலையிற் கூடியோர்க்குப் படித்துச் சொல்லத்தக்கதாக அது அமைந்தது. பஞ்சாபிய உரைநடை அதற்கு முன்னரே ஜனம்சாகிகளில் உருப்பெற்றிருந்தது. ஆயின் அது கதை கூறும் உரைநடை. கோபம், பொறாமை, பொருளாசை, பொறுமை, நன்றியுணர்வு என்னும் பண்புகளைப் பகுத்தும் தொகுத்தும் ஆராயும் கருத்து விளக்க உரைநடை, பாரஸ் பாக் வழியாகவே உறுதியான நிலையை எய்தியது எனலாம். கருத்தை நேர்படச் சொல்லும் உரைநடையின் வளர்ச்சிக்கு நடுத்தர வகுப்பினரின் எழுச்சி காரணமாதலை உலக இலக்கிய வரலாறு பல இடங்களிற் காட்டும். மேற்குப் பஞ்சாபின் சிறுவணிகர் அத்தகைய எழுச்சியை முழுமையாக அடைந்தவர் அல்லர். எனினும் அதன் முதல் அரும்பினை இந்நூலிற் காண்கிறோம்.

5

இவ்வளவில் நின்றுவிடின் நாம் போற்றுரையே எழுதியவராவோம். சேவாபந்தியரின் சமூகப்பணிக்கு எல்லைகள் உள. அவற்றையும் கூறுதல் வேண்டும்.

கன்ஹையாவைச் செஞ்சிலுவைச் சங்கத்தின் முன்னோடி எனக் கூறுதல் அண்மைக்கால வழக்காகிவிட்டது. சொல்ஃபெரீனோப் போர்க்களத்தை 1859இல் ஹென்றி டூனாண்ட் கண்டதற்கும், 1864இல் ஜெனீவா உடன்படிக்கை கைச்சாத்தானதற்கும் ஒன்றரை நூற்றாண்டுக்கு முன்னரே பஞ்சாபில் இப்பணி நடந்தது என்பது வாதம். கால முன்மை உண்மையே. ஆயினும் இவ்வொப்பீடு இருவகையிற் குறையுடையது. ஐரோப்பிய நிறுவனம் ஒன்றினை அளவுகோலாக்கி அதனால் நம் மரபுக்கு மதிப்புத் தேடுவது ஒன்று. செஞ்சிலுவை இயக்கம் நவீன அரசுகளுக்கிடையிலான சட்டம் என்பதையும், கன்ஹையாவின் செயல் அனைத்துயிரிலும் ஒன்றைக் காணும் ஞானத்தின் நடைமுறை வடிவம் என்பதையும் மறைத்துவிடுவது மற்றொன்று. இவ்வேறுபாட்டை மறைத்துவிட்டுப் பெருமை பேசுவதால் கன்ஹையாவும் விளங்கமாட்டார், டூனாண்டும் விளங்கமாட்டார்.

இதனினும் ஆழமான வினா ஒன்றுண்டு. சேவாபந்தியர் ஆறுதல் அளித்த காயங்கள் எவற்றால் உண்டாயின? 1709 முதல் 1715 வரை பந்தா சிங்கின் தலைமையில் பஞ்சாபின் குடியானவர் மொகலாய நிலவுடைமை ஒழுங்கின் அடித்தளத்தையே தாக்கினர். 1716இல் பந்தா சிங் டில்லியிற் கொல்லப்பட்டார். அடுத்த அரை நூற்றாண்டு முழுவதும் கால்சாவினர் வேட்டையாடப்பட்டனர். அந்நூற்றாண்டின் மையப் பிரச்சினை நிலம் யாருக்கு உரியது என்பதே. அப்பிரச்சினைக்கு ஜாட் குடியானவர் வாளால் விடை தேடினர். சேவாபந்தியரிடம் அதற்கு விடையில்லை. அவர்கள் கேட்டது ஈட்டிய பொருள் நேரியதா என்பதை. ஈட்டும் முறையை நிருணயிக்கும் சமூக அமைப்பு நேரியதா என அவர்கள் கேட்கவில்லை. அவர்களைச் சூழ்ந்திருந்த வணிகன் குடியானவனுக்குக் கடன் கொடுப்பவனும் ஆவான். பொருளாசையை அடக்குமாறு அவனுக்கு அறிவுரை கூறலாம். கடனுறவை ஒழிக்குமாறு கூற அவனது ஆதரவில் இயங்கும் தர்மசாலையால் இயலாது. துறவி தன் கயிற்றின் விலையால் தானுண்ண முடியும். வருவோர் எல்லோர்க்கும் உணவளிக்கும் அடுப்பு அவ்விலையால் மட்டும் எரிந்திருக்க இயலாது. ஆகவே உழைத்துண்ணல் என்னும் விதி, துறவியைத் தனியாள் நிலையிற் சுதந்திரனாக்கிற்று. நிறுவனத்தை அவ்வாறு ஆக்கவில்லை. துறவறச் சங்கம் ஆண்களின் சங்கமாகவே இருந்தமையையும் இதனோடு சேர்த்துக் கூறுதல் வேண்டும்.

எனினும் மறுபக்கமும் உண்டு. வாளேந்திய குடியானவரின் எழுச்சி 18ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் மிசில் தலைவர்களின் ஆட்சியாகவும், 1799இன் பின் ரஞ்சித் சிங்கின் அரசாகவும் முடிந்தது. நிலத்தின் மீது புதிய பிரபுக்கள் தோன்றினர். பகைவனையும் மனிதனாகக் காணும் நோக்கு அவ்வெழுச்சியின் மையத்தில் நிலைத்திருந்திருப்பின் முடிவு வேறாகியிருக்கும் எனக் கூறல் வரலாற்று நெறியன்று. ஆனால் போராட்டத்துக்கு மனிதநேயமும், மனிதநேயத்துக்குப் போராட்டமும் எவ்வளவு தேவை என்பதை இவ்விரு போக்குகளும் பிரிந்து நின்றமையே நமக்கு உணர்த்துகிறது.

6

1849இல் பஞ்சாப் ஆங்கிலேயர் வசமாயிற்று. 1882இல் லாகூரிலிருந்து எழுதிய லைட்னர், உள்நாட்டுப் பள்ளிகள் புதிய ஆட்சியிற் சிதைந்தமையை விரிவாக எடுத்துக்காட்டினார். சமயத் துறவியரும் கிரந்திகளும் குர்முகி எழுத்தறிவித்த பள்ளிகளும் அவற்றுள் அடங்கும். மக்கள் கல்விக்கு இப்பிரிவுகள் ஆற்றிய பணியின் அளவு, அது அழிந்தபொழுதே பதிவு செய்யப்பட்டது. 1873இல் அமிர்தசரஸில் சிங் சபை தோன்றியது. ‘யார் சீக்கியர்’ என்னும் வினா முன்னெழுந்தது. 1920களில் மகந்துகளிடமிருந்து குருத்துவாராக்களை மீட்கும் போராட்டம் நிகழ்ந்து, 1925இல் குருத்துவாராச் சட்டம் இயற்றப்பட்டது. கோயில் நிலங்களைத் தம் குடும்பச் சொத்தாக்கிக்கொண்ட மகந்துகளுக்கெதிராக மக்கள் எழுந்தமை முற்போக்கானதே. 1921இல் நன்கானாவிற் சிந்தப்பட்ட குருதி அதற்குச் சான்று. ஆயின் அப்போராட்டத்தை வழிநடத்திய கருத்துநிலை, பிரிவுகளைத் தூய்மை, கலப்பு என்னும் அளவையால் மட்டும் அளந்தது. நிலவுடைமையோடு பிணைந்த புலமையும், கயிறு திரித்து வளர்த்த புலமையும் அவ்வளவையில் ஒன்றாகவே தோன்றின. சேவாபந்தியர் இன்றும் பொதுவரலாறுகளில் ஓரிரு பந்திகளுக்குள் அடங்கிவிடுவதற்கு இதுவே காரணம் என்பது நம் துணிபு.

1947ஆம் ஆண்டுப் பிரிவினை இதனைக் கொடிய முறையில் நிறைவு செய்தது. சிந்து சாகர் நிலப்பரப்பு பாகிஸ்தானாயிற்று. சேவாபந்தியர் தம் தர்மசாலைகளை விட்டு நீங்கிக் கிழக்கே வந்தனர். இன்று பட்டிண்டா மாவட்டத்துக் கோனியானா அவர்தம் முக்கிய நிலையங்களுள் ஒன்று. கஸ்ஸாலியை மொழிபெயர்த்த மரபினர், கஸ்ஸாலியைப் போற்றும் மக்களிடையே வாழ இயலாதவராயினர். பாரஸ் பாக்கினை ஆக்கிய பொதுவாழ்வு ஒரே கோடையில் அறுந்தது. ஒரு நூல் சமய எல்லையைக் கடந்துவிட்டமையால் மட்டும் அதன் வாசகர் அவ்வெல்லையைக் கடந்தவராகிவிடார். அந்நூலை ஈன்ற பொதுத்தேவையும் பொதுவாழ்வும் அரசியலால் பாதுகாக்கப்படாதவிடத்து நூல் மட்டும் எஞ்சும். இமாம் கஸ்ஸாலியின் பெயர் நம் நாட்டுத் தமிழ் வாசகர்க்கும் புதியதன்று. ஆதலின் இவ்வுண்மை நாமும் கருத்திற்கொள்ளவேண்டியதே.

சேவாபந்தியரின் நூல்களைப் பஞ்சாபிய உரைநடையின் தொடக்கம் எனப் பட்டியலிடுவது எளிது. அவர்தம் தொண்டினைப் பாராட்டுவதும் எளிது. இவ்விரண்டினையும் பிணைத்து நின்ற முஞ்சிக் கயிற்றைக் கருத்திற்கொள்ளாது எழுதப்படும் எந்த மதிப்பீடும் பாதியே. மூளையுழைப்பும் கையுழைப்பும் பிரிந்ததிலிருந்தே, உலகிலிருந்து தான் விடுபட்டுவிட்டதாக எண்ணிக்கொள்ளும் அறிவு தோன்றிற்று என மார்க்ஸ் விளக்கினார். அப்பிரிவினையை ஒழிக்கும் ஆற்றல் 18ஆம் நூற்றாண்டின் ஒரு சிறு துறவியர் கூட்டத்துக்கு இருந்திருக்க முடியாது. தம் அளவில் அதனை ஏற்க அவர்கள் மறுத்தனர். அம்மறுப்பினால் அவர்தம் நோக்கு விரிந்தது, தெரிவு மாறியது, நடை எளிதாயிற்று. அரச மானியத்தையோ நிறுவன ஊதியத்தையோ பெற்று எழுதும் எக்காலப் புலமையாளரும் தம் நூலின் உள்ளடக்கத்தில் அவ்வூதியம் எங்கே எழுதப்பட்டிருக்கிறது எனத் தேடிப் பார்த்தல் தகும். சேவாபந்தியரின் வரலாறு அத்தேடலுக்கு ஒரு முறையியலை நமக்கு வழங்குகின்றது.